சவரிமுத்துவின் வாகை எழுத்துகள்

போன வாரம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓர் ஐஸ்கிரீம் கடைப் பலகையைப் பார்த்து நின்றுவிட்டேன். எழுத்துகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. அழகுதான். ஆனால் இரண்டு 'க'வும் ஒரே மாதிரி ஆடின. சவரிமுத்து ஒப்புக்கொள்ள மாட்டான்.

யுத்த காலத்தில் அரியலூர் அச்சகம் ஒன்றில் நான் புரூப் பார்த்தேன். இன்டர்மீடியட் தேறியவன் என்ற மிதப்பு வேறு. வரதராஜன்பேட்டைக்காரனான சவரிமுத்து அங்கே அச்சுக்கோத்தான்; என் வயதுதான். பெரிய ஈய எழுத்து கிடைக்காத நாட்கள். அரும்பாவூர் மரச்சிற்பப் பட்டறைகளில் கழித்த வாகைத் துண்டுகளை வாங்கிவந்து, தானே வரைந்து, இடவலம் மாற்றிச் செதுக்கினான். அவனுடைய 'ழ' அணில் போல வாலைத் தூக்கும். 'ட' காலை நீட்டி உட்கார்ந்திருக்கும். ஒரே சொல்லில் இரண்டு 'க' வந்தால் இரண்டாவதற்கு வேறு குணம். "ரெட்டப் புள்ளைன்னாலும் ஒருத்தன் வாலா இருப்பான்ல, இன்டரு?" என்பான். என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

டூரிங் டாக்கீஸ், சர்க்கஸ், பல்பொடி, எல்லா நோட்டீஸும் அந்த எழுத்தில்தான். குன்னத்தில் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த ஒரு பெண் நோட்டீஸைத் தலைகீழாகப் பிடித்து, "என்னா போட்டிருக்குன்னு தெரியலீங்க. ஆனா சிரிக்குது" என்றாளாம். நோட்டீஸ் வண்டிக்காரர் வந்து சொன்னதும் சவரி அன்று முழுக்க விசிலடித்தான்.

திருச்சியில் எழுத்து வார்க்கும் ஒருவர், எல்லாவற்றையும் கொண்டுவந்தால் ஈயத்தில் வார்த்துத் தருவதாகச் சொல்லியனுப்பினார். வார்த்துவிட்டால் அவை ஊர் ஊராகப் போகும். திங்கட்கிழமை புறப்பட இருந்தான். சனிக்கிழமை அவன் வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பியதும், அவற்றைப் பளபளப்பாக்கி வைக்கலாமென்று எனக்கு ஆசை வந்தது. ஈய எழுத்தைச் சலவைக்காரம் கரைத்த தண்ணீரில் கழுவுவார்கள். மர எழுத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பார்கள். இரண்டையும் தினமும் பார்த்த நான், ஏன் என்று கேட்டதில்லை. அத்தனையையும் காரத் தண்ணீரில் ஊறப்போட்டேன். ஞாயிறு வெயிலில் காயவைத்தபோது பாதி வெடித்தன, மீதி கோணிக்கொண்டன. அப்படியே பெட்டியில் அடுக்கி வைத்தேன்.

திங்கள் காலை பெட்டியைத் திறந்தவன் ஒவ்வோர் எழுத்தாக எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "நேத்து மழையா, இன்டரு?"

முந்தின மாலையில் நாலு தூறல் விழுந்திருந்தது. "கூரை ஓடு ஒழுகியிருக்கும்" என்றேன்.

"பொட்டிய இங்க வச்சது என் தப்புதான்" என்று ஏணியில் ஏறி, நல்ல ஓடுகளைப் பிரித்துப் பிரித்து மாற்றினான். "கெட்டியா புடிய்யா. நான் வுழுந்தா உன்னால ஒரு வரி கோக்க முடியாது." நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி செதுக்கச் சொன்னார் முதலாளி. "அது வேற புள்ளைங்களா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, சில மாதத்தில் ரயில்வே வேலைக்குப் போய்விட்டான்.

அச்சகம் இருந்த இடத்தில் இப்போது ஜெராக்ஸ் கடை. நோட்டீஸ் வண்டி இல்லை, டாக்கீஸ் கொட்டகை இல்லை. அந்த நோட்டீஸில் ஒன்றைக்கூட நான் எடுத்துவைக்கவில்லை. சவரியும் போய்ச் சேர்ந்துவிட்டான். இருந்தவரை, அரியலூரில் அவன் ரயில் நிற்கும்போதெல்லாம் அச்சகத்துக்கு ஓடி வந்து எட்டிப்பார்ப்பான். "என்ன இன்டரு, இப்ப ஒழுகுதா?"

"ஒழுகல" என்பேன். அந்தக் கூரையைப் பற்றி அவனிடம் நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.