நான்காவது பிளாப்பியில் குங்குமம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் வருஷத்தில் ஒருநாள் லீவு உண்டு. சரஸ்வதி பூஜையன்று மானிட்டர் மேல் அம்மா பொட்டு வைத்துவிட்டால், மறுநாள் காலைவரை யாரும் அதைத் தொடக் கூடாது. அணுமின் நிலைய ஆபீஸில் வேலை பார்த்த அப்பாவே தொட மாட்டார்.

அந்த வருஷம் பூஜைக்கு முந்தின நாள் அக்கா, செங்கல்பட்டுத் தோழியிடமிருந்து ஐந்து பிளாப்பி டிஸ்க் வாங்கி வந்தாள். அவற்றுக்குள் 'சி' என்று ஒரு கம்ப்யூட்டர் மொழி இருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டு ஏற்றினால் கம்ப்யூட்டர் நாம் சொன்னபடி கேட்குமாம். பத்து நாளில் மெட்ராஸில் ஒரு கம்பெனிப் பரீட்சை. தேறினால் வேலை, தேறாவிட்டால் அப்பா பார்த்து வைத்திருந்த திருக்கழுக்குன்றத்து மாப்பிள்ளை. அப்பா விதித்த கெடு அது.

"இன்னைக்கே ஏத்திடறேம்மா," என்றாள் அக்கா.

"இன்னாடி அவசரம்? பூஜையில வெச்சிட்டு விஜயதசமில ஆரம்பி. நல்லா வரும்," என்றாள் அம்மா.

பூஜையன்று மற்ற சாமான்களுக்குப் பொட்டு வைக்கும் பொறுப்பு ஒன்பது வயதான எனக்கு. தையல் மிஷின், அப்பாவின் சைக்கிள், மிக்ஸி, எல்லாம் முடித்துப் பிளாப்பிகளுக்கு வந்தேன். நான்காவதில் அந்தக் குட்டித் தகரக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே பழுப்பாக ஒரு தட்டு. அடடா, மொழி இருப்பது இங்கேதானே, வெளியே பொட்டு வைத்து என்ன புண்ணியம்? ஈரச் சந்தனத்தை அழுத்தி அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன். அக்கா பாஸாகணும் சாமி என்று வேண்டிக்கொண்டுதான் வைத்தேன், சத்தியமாக.

மறுநாள் காலை அக்கா தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்தாள். அப்பா பின்னால் நின்றார். மூன்று ஏறின. நான்காவதைப் போட்டதும் பெட்டி கரகரவென்று இழுத்தது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றுவிட்டது. அக்கா பிளாப்பியை எடுத்துத் தகரத்தை நகர்த்திப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்பாவுக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் பேசும்.

"வரும்போதே கெட்டுப்போய்தான் இருந்திருக்குப்பா. வேற வாங்கினு வந்துடறேன்," என்றாள், குங்குமத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு.

அப்பா சரஸ்வதி படத்தைக் காட்டினார். "ஒண்ணும் வேணாம். விஜயதசமியும் அதுவுமா நின்னுபோச்சுன்னா இன்னா அர்த்தம்? அவளே வேணாம்னுட்டா."

அக்கா எவ்வளவோ கெஞ்சினாள். சகுனம் என்று வந்துவிட்டால் அப்பாவை அசைக்க முடியாது. பரீட்சைக்கே அனுப்பவில்லை. தை மாதம் கல்யாணம். புதுப் பட்டுப்பாவாடையில் மண்டபம் முழுக்க ஓடினேன். அக்கா என்னைக் காட்டிக்கொடுக்காததற்குக் காரணம் பாசம் என்று எனக்கு அப்போதே தெரியும். பெருமையாகக்கூட இருந்தது. சந்தனம் வைத்தது நான் என்று தெரிந்திருந்தால், அப்பாவுக்கு அது சகுனமாகப் பட்டிருக்காது, வெறும் சுட்டித்தனம், இரண்டு அடியோடு போயிருக்கும். அக்கா வேறு பிளாப்பி வாங்கி வந்திருப்பாள். இதெல்லாம் எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆயிற்று.

அக்கா சொல்லவில்லை, சரி. நானாவது போய்ச் சொல்லியிருக்கலாம்.