பெருஞ்சாலையில் மட்டும் ஏறும் முள்

விடியும் முன்பே அலுவலகக் கேன்டீனில் அடுப்பு பற்ற வைப்பவள் அவள். பதினோரு மணிக்குக் கை கழுவிவிட்டு, வாரத்தில் மூன்று நாள் தன் பழைய காரில் அண்ணனை ஏற்றிக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போவாள். அங்கே நான்கு மணி நேரம் அவர் ரத்தத்தை மெஷின் சுத்தம் செய்யும். அண்ணி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு வேறு நாதி இல்லை. இரண்டு வருடமாக இதே ஓட்டம்.

இப்போது மூன்று வாரமாக வண்டியும் படுத்திக்கொண்டிருந்தது. ஊருக்குள் எவ்வளவு நெரிசலில் நின்றாலும் சூடு காட்டும் முள் நடுவில் அசையாமல் இருக்கும். பெருஞ்சாலையில் வேகம் பிடித்தால் மெல்ல மெல்லச் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறும். மெக்கானிக் ரேடியேட்டர் மூடியை மாற்றினார், சூட்டைப் பார்த்துத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டை மாற்றினார்.

"ஃபேன் கெட்டிருந்தா நிக்கும்போதுதான்க்கா சூடாகும். இது ஓடும்போது ஆகுது. எனக்கே பிடிபடலை," என்று தலையைச் சொறிந்தார்.

அதனால் அவள் உச்சி வெயிலில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஓட்டினாள். எஞ்சினின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வந்துவிட்டால் முள் சற்று இறங்கும். உள்ளே இருப்பவர்கள் வெந்து போவார்கள்.

"எனக்கு ரத்தம் சுத்தமாக மாட்டேங்குது, உன் வண்டிக்குத் தண்ணி சுத்த மாட்டேங்குது. ரெண்டு பேருக்கும் ஒரே ஜாதகம்," என்பார் அண்ணன். முதல் வாரம் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், திரும்பி வரும் வழியில் முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினாள். லாரிகள் கடக்கும்போதெல்லாம் கார் குலுங்கியது. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் முகம் வெந்துவிடும் என்று தெரியும். சாலையோரக் கல்லில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

"என்னாலதானே உனக்கு இவ்ளோ பாடு," என்றார் அண்ணன், பின்சீட்டிலிருந்து.

"இப்ப அதைச் சொல்லி என்ன ஆகப்போகுது? சும்மா இருண்ணே!"

சொன்ன பிறகு மனசு சுருக்கென்றது. ஆனால் சமாதானம் சொல்லவும் அவளிடம் தெம்பில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தாள். தண்ணீர் குறையவே இல்லை. எங்கும் ஒழுகவும் இல்லை. வேகத்தில் மட்டும் என்ன நடக்கிறது? நின்ற இடத்திலேயே எஞ்சினை வேகமாக ஓடவிட்டால் தெரியுமோ? மூடியைத் திருகி மூடிவிட்டு, பின்கதவைத் திறந்தாள்.

"அண்ணே, முன்னால வந்து உக்காரு. நான் சொன்னதும் ஆக்ஸிலேட்டரை மிதி."

"நானா? ஸ்டீயரிங்கையே தொட்டதில்லையே!"

"கியர்ல இல்ல, வண்டி நகராது. மிதிச்சா போதும்."

அவள் சாவியைத் திருப்பி எஞ்சினைக் கிளப்பிவிட்டு முன்பக்கம் போனாள். ஊசி குத்திக் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் மிதித்தார். எஞ்சின் உறுமியது. அவள் குனிந்து பார்த்தாள். ரேடியேட்டரின் அடியிலிருந்து எஞ்சினுக்குத் தண்ணீர் போகும் ரப்பர் குழாய், உறிஞ்சும் கன்னம்போல ஒட்டிப்போனது.

"விடு!" குழாய் உப்பியது. "மிதி!" மறுபடி ஒட்டியது.

"என்ன தெரியுது?" என்றார் அவர்.

"வேகம் பிடிச்சா குழாய் ஒட்டிப்போய்த் தண்ணி போற வழி அடைஞ்சுபோகுதுண்ணே. பாவி, மூணு வாரமா மூடியையும் தெர்மோஸ்டாட்டையும் மாத்திட்டிருந்தோம்."

எஞ்சினை விரட்டாமல் மாட்டுவண்டி வேகத்தில் வீடு சேர்ந்தார்கள். மறுநாள் மெக்கானிக் குழாயைக் கழற்றி அழுத்திக் காட்டினார். ரப்பர் ஊறி வெற்றிலைபோலத் துவண்டிருந்தது. குழாய் ஒட்டாமல் தாங்க உள்ளே இருந்த கம்பிச் சுருள் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. புதுக் குழாய் மாட்டினார்.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"அண்ணன் மிதிச்சாரு," என்றாள். அதற்கு மேல் விளக்க அலுப்பாக இருந்தது.

வியாழக்கிழமை ஹீட்டர் இல்லாமல் போனார்கள். முள் நடுவிலேயே நின்றது. அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம் பொங்கவில்லை. தோளில் மட்டும் ஏதோ சற்றுத் தளர்ந்தது. அண்ணன் வாய் பிளந்து தூங்கினார். அவரை நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு, நிழலில் காரை நிறுத்தி, சீட்டைச் சாய்த்தாள்.

கண்ணாடியைத் தட்டும் சத்தத்தில் விழித்தபோது அண்ணன் வெளியே நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நாலு மணி நேரமும் தூங்கினியா?"

"ம்."

"இன்னும் அஞ்சு நிமிஷம் தூங்கு. நான் நிக்கிறேன்."

"ஏறுண்ணே," என்று கதவைத் திறந்துவிட்டாள்.