சந்தனம் அப்பிய ரைபிள்

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்த வருடம், ஆயுத பூஜை கழிந்த வாரத்தில், அடி அண்ணாமலையிலுள்ள எங்கள் நிலத்துக்கு ரைபிள் விற்க ஒருவர் வந்தார். ஒட்ட வெட்டிய முடி, பட்டாளத்து நிமிர்வு. பேசும்போதெல்லாம் துப்பாக்கியின் போல்ட்டை, தோட்டாவுக்குப் பின்னால் குழலைப் பூட்டும் இரும்புத் தண்டை, உள்ளங்கையால் மூடிக்கொள்வார்.

வேர்க்கடலையைப் பன்றிகள் அழித்துக்கொண்டிருந்தன. லைசென்ஸ் வைத்திருந்த அப்பாவுக்குப் பழைய நாட்டுத் துப்பாக்கி போதவில்லை.

“புதுசுண்ணே. ஜாஸ்தி சுடல,” என்றார் அவர்.

போல்ட்டின் மேல் சந்தனம் தடிமனாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன்; அடியில் ஒரு நம்பர் தெரிந்தது.

“பூஜைப் பொட்டு பாப்பா, அழிக்காத!”

“குழல்ல ஒரு நம்பர், போல்ட்ல வேற நம்பர். வேற துப்பாக்கியோடத மாட்டியிருக்கீங்க. சரியா பூட்டலன்னா சுடறவங்க மூஞ்சியிலயே வெடிக்கும்.”

“உங்க பொண்ணு இன்ஸ்பெக்டராண்ணே?” என்று சிரித்தார். சிரித்தபடியே தோட்டாவைப் போட்டு, கன்னத்தைத் துப்பாக்கியின் பின்கட்டையில் அழுத்தி, மண்மேட்டைப் பார்த்துச் சுட்டார். ஒன்றும் ஆகவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார்.

“ஒருவாட்டி வெடிக்கலன்னா எப்பவும் வெடிக்காதுனு இல்லப்பா,” என்றேன்.

நாங்கள் வாங்கவில்லை.

அவர் ஏமாற்ற வந்தவர் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால், ஏமாற்ற வந்தவர் தன் கன்னத்தையா அதன்மேல் வைப்பார்?