ஒரே மாணவியின் மாற்றுச் சான்றிதழ்

கணினி அறிவியல் படித்து, தேர்வெழுதி, வட்டாரக் கல்வி அலுவலராகத் தஞ்சாவூர்ப் பக்கம் வந்தேன். நான் நுழைந்தால் ஆசிரியர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார்கள். முதல் வருடம் முழுக்க மனிதர்களோடு பேசியதைவிடப் பட்டியல் போட்டதுதான் அதிகம்.

அதில் ஒன்று, மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் முன் வாங்க வேண்டிய ஒன்பது தாள்கள். ஒரு பிள்ளையின் பெயர் இரண்டு பள்ளிகளில் ஏறிவிடக் கூடாதென்று தயாரித்து, தலைமையாசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆடி கடைசியில் ஒரு தாய் அலுவலகத்துக்கு வந்தார். கணவர் துபாயில். நாலாவது படிக்கும் மகளோடு நாகப்பட்டினத்துக்கு, தன் அம்மா வீட்டுக்கே போகிறார். டி.சி. கிடைக்கவில்லை.

"மூணு தடவ அலைஞ்சிட்டேன் மேடம். போறப்பல்லாம் ஒரு பேப்பர் குறையுதுங்கறாங்க. இப்ப அப்பா கையெழுத்து வேணுமாம். அவரு துபாயிலேருந்து கைய மட்டும் அனுப்புவாரா?"

அவர் மேசையில் வைத்த தாள் என் பட்டியல்தான். டி.சி.யைக் கேட்டதும் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அது தெரிந்துதான் ஒன்பது வரி எழுதியிருந்தேன்.

அன்றே அந்தப் பள்ளிக்குப் போனேன். வாய்க்காலை ஒட்டிய ஓராசிரியர் பள்ளி. மிஞ்சியிருந்த ஒரே மாணவி அந்தத் தாயின் மகள். அவள் போனால் பள்ளியை மூடிவிடுவார்கள். வாசலில் தனியாகப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள்.

"யாரோட விளையாடுவ?"

"டீச்சரோட. அவங்களுக்கு முட்டி வலி. கல்ல மட்டும் போடுவாங்க, ரெண்டு பேருக்கும் நானே நொண்டுவேன்."

தலைமையாசிரியையும் அந்த டீச்சர்தான்; ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். "நீங்க அனுப்பினதத்தான் கேட்டேன் மேடம்" என்றார்.

"ஆமா டீச்சர், தப்பு என்னுது. இப்பவே குடுத்துடுங்க."

"காலாண்டுப் பரீட்ச வரைக்கும் விடுங்களேன். அதுக்குள்ள ரெண்டு பிள்ளையாவது சேத்துடுவேன்."

ஊருக்குள் தனியார் பள்ளி வேன்கள் வந்து போவது இருவருக்கும் தெரியும். நான் மேசையிலிருந்த பேனாவை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் படிவத்தை எடுத்து அழகான கையெழுத்தில் நிரப்பினார். நடத்தை என்ற இடத்தில் 'மிக நன்று' என்று எழுதிவிட்டு, பேனாவை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

தாய் வந்து சான்றிதழை வாங்கிக்கொண்டு, மகளை ஸ்கூட்டியில் ஏற்றினார். அந்தப் பிள்ளை திரும்பித் திரும்பிக் கை காட்டியது.

"நாளைக்கு நான் எங்க வரட்டும் மேடம்?"

"வேற பள்ளிக்கு ஆர்டர் வர்ற வரைக்கும் இங்கதான் வரணும் டீச்சர்."

"வந்து?"

"கையெழுத்துப் போடுங்க."

"மணி அடிக்கணுங்களா?"

கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். "உங்க இஷ்டம்" என்றேன்.

ஆணை வர இரண்டு வாரம் ஆனது. தினமும் காலையில் வருகை விவரத்தை எனக்கு அனுப்பினார்: மாணவர் யாருமில்லை, ஆசிரியர் ஒருவர். என் மேசையில் தனியாக உட்கார்ந்து, "பார்த்தேன் டீச்சர்" என்று பதில் போடுவேன்.