செபமாலைக்கு முன் நான் மூடிய ஜன்னல்

அந்த ஜன்னலை மூடியது நான்தான்! ஒருநாள் அல்ல, நாலு நாள். பின்னேரம் ஆறு மணிக்கு, இந்தக் கையால்.

சுவர் ஜன்னல் என்று நினைத்துவிடாதீர்கள்... என் பேத்தி மெர்சியின் கணினியில் திறந்து கிடக்கும் கறுப்பு ஜன்னல். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு டீச்சர் எழுதுகிறா. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுதுங்கோ என்றேன், கேட்கவில்லை!

எங்கள் ஊரான தலவிலப் பக்கத்து வீடுகளில் செபமாலை தொடங்குமுன் டீவி, ரேடியோ எல்லாம் நிறுத்துவோம். மாதா படத்துக்கு முன்னால் வேறெதுவும் மினுங்கக் கூடாது. அதையும் அப்படித்தான் நிறுத்தினேன். ஜன்னல் மூலையில் இருக்கும் குறியில் ஒரு அமத்து, அவ்வளவுதான். மெர்சி அப்போது கிணற்றடியில் குளித்துக்கொண்டிருப்பாள்.

அதில் ஓடியது, அவள் வேலைசெய்யும் கந்தோருக்காக எழுதிய புரோகிராம். நாள் முழுக்கக் கடற்காற்றை அளக்கும். நிற்கச் சொல்லி சிக்னல் கொடுத்தால், அளந்ததைச் சேமித்துவிட்டு நிற்கும். கரையில் துணி வீசினால் தோணி நிற்பதில்லையா, அதுபோல. மெர்சி இரண்டு விசைகளை அமத்தி நிறுத்தினால் எல்லாம் பத்திரம். பின்னேரத்தில் மட்டும் ஒன்றும் மிஞ்சாமல் செத்துப்போனது! வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் அவள் வேலை போய்விடும்.

அவளுடைய சந்தேகம் ஷெல்லில் விழுந்தது. நாம் தட்டும் கட்டளையை வாங்கிப் புரோகிராமை ஓடவைப்பதாம் ஷெல். அதில் பல வகையாம். புத்தளத்திலிருந்து அவளோடு வேலைசெய்த நிலோபர், தொடக்கக் கட்டளைகளை வேறு ஷெல்லில் எழுதியிருந்தாள். ஐந்தாம் நாள் மெர்சி போனில் ஸ்பீக்கரைப் போட்டு அவளோடு சண்டை பிடித்தாள்.

“உங்கட ஷெல்லில எழுதினதாலதான் இப்பிடிச் சாகுது, நிலோபர்!”

“அல்லாவுக்காக, மெர்சி, என்ட மெஷின்ல நல்லா ஓடுதே!”

“இஞ்ச ஜன்னலோட காணாமப் போகுது!”

ஜன்னலோடா...? மீன் வெட்டிக்கொண்டிருந்த என் கை நின்றது. வாய் திறந்தேனா? இல்லையே! பேத்தி ஏசுவாளென்று பயம். அன்று நான் ஜன்னலை மூடவில்லை. புரோகிராமும் சாகவில்லை!

“பாத்தீங்களா அம்மம்மா, நிலோபர்ட கட்டளைகள எடுத்ததும் சரி!”

கந்தோர் நிலோபரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. என் மௌனம்தான் அவளுக்கு எதிரான சாட்சி.

எட்டு மாதம் கழித்துப் போன கிழமைதான் சொன்னேன். மெர்சி உடனே கணினியைத் திறந்தாள். இரண்டு ஷெல்லிலும் ஓடவிட்டு, ஜன்னலை மூடிப் பார்த்தாள். இரண்டிலும் செத்தது!

“விசைக்கு வாற சிக்னல் வேற, ஜன்னல மூடினா வாற சிக்னல் வேற. ரெண்டாவதுக்கு நான்தான் ஒண்டும் எழுதேல்ல, அம்மம்மா... நானும் கள்ளி, நீங்களும் கள்ளி!”

சிரித்தாள். நானும் சிரித்தேன். எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா! அன்றே திருத்தினாள், இப்போது எப்படி மூடினாலும் சேமிக்கிறது.

பிறகு நிலோபருக்குப் போன் எடுத்தோம். நான்தான் பேசினேன். “ஓம், நான் அப்பவே சொன்னேன்தானே” என்றாள். வைத்துவிட்டாள்.

நேற்றும் செபமாலை சொன்னோம். ஜன்னல் திறந்தபடியே மினுங்கியது. மாதா முகத்தைவிட அதைத்தான் அதிகம் பார்த்தேன்...