ஜாக்குலின் கொண்டுவந்த கிரீன் டீ

ஜாக்குலின் என்ற பெயரைச் செங்கம்மாள் முதலில் கேட்டது சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட் அருகே, தன் டீக்கடையில்தான். கொழுந்தன் பார்த்திபன் திருவிடந்தைப் பெண் ஒருத்தியைச் சர்ச்சில் வைத்துக் கட்டிக்கொண்டான் என்று டீ குடிக்க வந்த பக்கத்து வீட்டுக் காசிநாதன் சொன்னான். மாமனார் வகையறாவில் அதுவரை யாரும் சர்ச்சுக்குள் போனதில்லை.

வந்தவளுக்குக் கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு காலேஜ் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்குத் தீனி வைக்கிற வேலை. அவளுடைய வெள்ளைக் கோட்டு கொடியில் காய்வதைப் பார்த்தாலே செங்கம்மாளுக்குப் பொறாமையில் வயிறு காந்தும்.

செங்கம்மாளின் புருஷன் ராஜேந்திரனுக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். ஜாக்குலின் கிரீன் டீ பொட்டலத்தோடு வந்தாள். கொழுப்புத் தீனி தின்ற எலிகளின் ஈரல் வெளுத்து, நெய் பூசினாற்போல் இருந்ததாம். கூடவே கிரீன் டீச் சத்தும் தின்றவற்றுக்கு அவ்வளவு கொழுப்பு படியவில்லையாம். ஈரல்தான் கொழுப்பை ரத்தத்திலிருந்து இழுத்துப் பித்தமாக்கிக் குடலுக்குத் தள்ளுகிறது, இந்தச் சத்து அதற்கு ஒத்தாசை செய்கிறது என்றாள். மனுஷனுக்குக் கொஞ்சம்தான் கேட்கும், மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றும் சொன்னாள்.

இருபத்தாறு வருஷம் செங்கம்மாள் கையால் ஏடு மிதக்கிற டீ குடித்தவன், மறுநாளே அந்தப் பச்சைத் தண்ணீரை உறிஞ்சிவிட்டு, "உடம்பு லேசா கீது. வெவரம் தெரிஞ்ச பொண்ணு குடுத்தா தனிதான்" என்றான்.

அந்த வார்த்தை அவளை அரித்தது. கிரீன் டீச் சத்து அடைத்த மாத்திரை டப்பா ஒன்றை வாங்கினாள். ஒரு நாளைக்கு ஒன்றுதான் என்றார் கடைக்காரர். அவள் தினமும் நாலு மாத்திரையைப் பிரித்து, ஒருவருக்கும் தெரியாமல் அவன் மோரில் கலக்கினாள். அடுத்த பரிசோதனையில் கொழுப்பு இறங்கினால் அது தன் கைவேலை என்று ஜாக்குலின் முன்னாலேயே சொல்ல வேண்டும்.

ஆறாம் வாரம் ராஜேந்திரன் கண் மஞ்சளானது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில், மாத்திரையைத் தவிர வேறென்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். கிரீன் டீயைத் தவிர ஒன்றுமில்லை என்றான் அவன். செங்கம்மாள் தன் பையை இறுக்கி இடுக்கிக்கொண்டாள். ஜாக்குலின் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே அழைத்துப் போனாள்.

"அக்கா, இன்னா குடுத்த? இப்ப சொல்லலன்னா மாமா ஈரல் போயிடும்."

பையிலிருந்த டப்பா கை மாறியது. ஜாக்குலின் உள்ளே போய் அதை டாக்டரிடம் நீட்டி, மோரில் கலக்கச் சொல்லிக் கொடுத்தது நான்தான், அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்றாள். அளவு மீறினால் அதே சத்து ஈரலையே கெடுக்கும், நல்லவேளை காட்டினீர்கள் என்றார் அவர்.

ஏன்டி அப்படிச் சொன்னாய் என்று செங்கம்மாள் வராந்தாவில் கேட்டாள்.

"நீ அவரோட ஒரே வூட்ல இருந்தாவணும். எனக்கு இன்னாக்கா."

இரண்டு மாதத்தில் மஞ்சள் வடிந்தது. இனி என் வாசலை மிதிக்காதே என்று ராஜேந்திரன் ஜாக்குலினிடம் சொல்லிவிட்டுப் பழையபடி செங்கம்மாள் டீக்கே திரும்பினான். அவள் ஆசைப்பட்டது நடந்தது. ஆனால் டம்ளரை நீட்டும்போதெல்லாம், அந்த ஒரு பொய்யைச் சொல்லுகிற மனசு ஜாக்குலினுக்கு வாய்த்ததே, தனக்கு வாய்க்கவில்லையே என்று முன்னைவிட அதிகமாகக் காந்தியது. நடந்ததை இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.

ஜாக்குலின் இப்போது பார்த்திபனோடு கூடுவாஞ்சேரியில் வாடகைக்கு இருக்கிறாள்; அதே எலி அறையில்தான் வேலை செய்கிறாள்.