மஞ்சள் வீட்டுக்கு டிக்கெட்

சேலத்திலிருந்து நாத்தனார் குடும்பத்தோடு புதுச்சேரியைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தாள். "பொறந்து வளர்ந்த ஊரு, நானே சுத்திக் காட்டறேன்" என்று பெருமையாகச் சொல்லி, மூலக்குளத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பீச் ரோட்டை ஒட்டிய பிரெஞ்சுத் தெருக்களுக்கு அழைத்துப் போனேன். உண்மையில், பீச்சுக்குப் போகும்போது கடந்து போனதோடு சரி, அங்கே எந்தக் கட்டடத்துக்குள்ளும் நான் நுழைந்ததே இல்லை.

மஞ்சள் சுவரும் வெள்ளைத் தூண்களுமாக ஒரு கட்டடம். கதவு திறந்திருந்தது. "இதான் மியூசியம்" என்று உள்ளே கூட்டிப் போனேன். பழைய நாற்காலியைக் காட்டி, "பிரெஞ்சுக்காரன் காலத்துது, தொடாதீங்க" என்று விளக்கம் வேறு!

சோறு பிசைந்த கையோடு ஒரு அம்மா வந்து நின்றார். "டிக்கெட் எங்கம்மா வாங்கணும்?" என்று கேட்டேன்.

"டிக்கெட்டா? இது எங்க வூடும்மா!"

அப்போதுதான் கொடியில் காய்ந்துகொண்டிருந்த லுங்கிகள் என் கண்ணில் பட்டன. அந்த அம்மாவோ சிரித்துவிட்டார். "பரவால்ல, வெளியூர்க்காரங்க அடிக்கடி இப்பிடி வந்துடறாங்க. நீங்க எந்த ஊரு?"

நான் "சேலம்" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். "நாங்கதான் சேலம். அண்ணிக்கு இந்த ஊருதாங்க!"

மோர் கொடுத்து, மியூசியத்துக்கு வழியும் சொல்லி அனுப்பினார் அந்த அம்மா.

இப்போதும் விருந்தாளிகளுக்கு நான்தான் ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன். ஆனால், எந்த மஞ்சள் கட்டடமானாலும் கொடியில் லுங்கி காய்கிறதா என்று எட்டிப் பார்த்த பிறகுதான் படியேறுகிறேன்.